நான்காம் மேசைக்கு மேலிருந்த துடுப்பு

வூஸ்டர், மாசசூசெட்ஸ்
1957 ஜூன் 25

மதிப்பிற்குரிய ஓரின் மாமா அவர்களுக்கு,

முகாமில் ஆசிரியர்களை எல்லாம் மாமா என்று கூப்பிட்டே பழகிவிட்டதால், முப்பத்தேழு வயதிலும் உங்களுக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்னை ஞாபகம் இருக்குமோ என்னவோ. லைல் பார்லோ. 1930, 31 இரண்டு கோடையும் ஹெரன் முனை முகாமில் இருந்தவன். இப்போது இந்த ஊரில் பல் வைத்தியன்.

வருகிற சனிக்கிழமை என் மகன் நெட் அங்கே வருகிறான். பதினோரு வயது. நல்ல பையன், கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கேரட் தொடமாட்டான். தண்ணீர் என்றால் கொஞ்சம் பயம். நீச்சல் துறைக்கு இப்போது நீங்கள்தான் தலைவர் என்று முகாம் அனுப்பிய புத்தகத்தில் பார்த்தேன், மகிழ்ச்சி.

ஒரு சின்ன உதவி. சாப்பாட்டுக் கூடத்து உத்தரத்தில் துடுப்புகள் தொங்குமே, ஒவ்வொரு வருடமும் குளத்தை அக்கரை வரை நீந்திக் கடந்த பையன்களின் பெயரைச் சூட்டுக்கோலால் எழுதி மாட்டுவார்களே, அதில் 1931ஆம் வருடத்துத் துடுப்பை மட்டும் கழற்றி வைக்க முடியுமா? எட்டு வாரத்துக்குத்தான். வார்னிஷ் அடிக்கப் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்பன் பெருமையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பையன் சாப்பிட வேண்டாம் என்று நினைக்கிறேன். தற்பெருமை எனக்கு எப்போதும் பிடிக்காது.

தங்கள் உண்மையுள்ள,
லைல் பார்லோ


ஹெரன் முனை, ஸ்பின்னி குளம், மெய்ன்
ஜூலை 2

லைல்,

ஞாபகம் இருக்கிறது. எனக்கு நாற்பத்தைந்துதான் ஆகிறது, தொண்ணூறு இல்லை.

துடுப்பைக் கழற்ற முடியாது. முதல் காரணம், ஏணி உடைந்துவிட்டது. இரண்டாவது, காலம் கடந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் உன் மகன் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கூடத்துக்குள் ஓடினான். அண்ணாந்தபடியே துடுப்பு துடுப்பாகப் போய், இரண்டு பேர் மேல் மோதி, நான்காம் மேசைக்கு மேலே கண்டுபிடித்துவிட்டு "இதோ! இதோ எங்கப்பா!" என்று கத்தினான். அவனுக்குப் போட்ட இடம் ஏழாம் மேசை. யாருக்கோ தன் பங்குக் கேக்கைக் கொடுத்து நான்காம் மேசைக்கு மாறிக்கொண்டான். மூன்று வேளையும் உன் பெயருக்கு நேர் கீழேதான் சாப்பாடு. கேரட்டும் உள்ளே போகிறது.

தண்ணீர் என்றால் கொஞ்சம் பயம் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சமா? பலகை அடைத்த ஆழமில்லாத கட்டத்துக்குள், தரை தெரிகிற இடத்தில், நன்றாகவே கை போடுகிறான். கட்டத்தைத் தாண்டி அடி தெரியாத கறுத்த தண்ணீரைப் பார்த்தால் கல்லாகிவிடுகிறான். நீச்சல் தெரியாதவர்களுக்கான வெள்ளைக் குல்லாய் கொடுத்து எட்டு வயதுப் பொடியன்களோடு விட்டிருக்கிறேன். முகம் சிவக்கிறது, ஆனால் ஒரு வகுப்புக்கும் வராமல் இருப்பதில்லை. அவனுக்கு ஜோடி, ஹாலிஸ் என்று ஒரு குண்டுப் பையன். நான் விசில் ஊதினால், யாரும் காணாமல் போகவில்லை என்று தெரிய, ஜோடிகள் கைகோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும், மறந்திருக்கமாட்டாய். உன் மகன் விசில் ஊதாதபோதும் ஹாலிஸின் கையை விடுவதில்லை.

நேற்று அவன் ஹாலிஸிடம் பேசியதைக் கேட்டேன். "எங்கப்பா அம்பத்திரண்டு நிமிஷத்துல கடந்தாரு, தெரியுமா? படகத் தொடவே இல்ல. அப்போ அவருக்கு என் வயசுதான்."

ஐம்பத்திரண்டு நிமிடம் என்று நீயா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாய்?

ஓரின் ஸ்டிக்னி


வூஸ்டர்
ஜூலை 6

ஓரின் மாமா,

உங்கள் கடிதத்தை வேலை நேரத்தில் பிரித்தது தப்பு. கடைசி வரியைப் படித்துவிட்டு நான் நின்ற நிலையில், நாற்காலியில் வாயைத் திறந்து காத்திருந்த அம்மாள் தானாகவே வாயை மூடிக்கொண்டார்.

வார்னிஷ், தற்பெருமை எல்லாம் பொய். அது உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். எழுதியே விடுகிறேன். அன்றைக்கு நான் கயிற்றைப் பிடித்தேன்.

காலைச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு இறங்கினோம். குளம் முழுக்க மூடுபனி. முக்கால் மைல்தான், நாற்பது நிமிடத்தில் அக்கரை தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். நான் கை போட்டுக்கொண்டே இருந்தேன், கரை வரவே இல்லை. நீங்கள் "வாடா, வாடா, இதோ வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டீர்கள். முகாமில் மணி அடிப்பதுகூட ஒரு முறை எங்கோ கேட்டது, எனக்கு அப்போது புத்தி தெளிவாக இல்லை. கால் உணர்ச்சியற்றுப் போயிற்று. படகின் பின்கயிறு தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது. பிடித்தேன். ஒரு நொடி இல்லை, மாமா. எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது. படகையோ அதன் கயிற்றையோ தொட்டால் அதோடு முடிந்தது, அடுத்த கோடையில்தான் மறுபடி. அந்த விதி தெரிந்துதான் பிடித்தேன். நீங்கள் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு மலையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்தப் பனியில் மலை எங்கே இருந்தது?

கால் தரையில் பட்டதும் கடிகாரத்தைப் பார்த்து "அம்பத்திரண்டு" என்றீர்கள். அன்று இரவு எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் ஆழத் தண்ணீரில் இறங்கவில்லை. யுத்தத்தில் கடற்படை வேண்டாம், தரைப்படைதான் என்று போய்ச் சேர்ந்ததற்கும் அதுவே காரணம். என் மனைவிக்கும் தெரியாது. ஆனால் நெட் ஆறு வயதில் நகர நீச்சல் குளத்துப் படியைக் கட்டிக்கொண்டு அழுதபோது, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், "அப்பா சின்ன வயசுல ஏரியையே கடந்தேன்டா" என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. அவன் தூங்குவதற்கு முன் கேட்கிற கதையே அதுதான்.

கெஞ்சிக் கேட்கிறேன். அவனைக் கடக்க விடாதீர்கள். இல்லையென்றால் நீங்களே சமயம் பார்த்து அவனிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வான்.

லைல்


ஹெரன் முனை
ஜூலை 11

லைல்,

சொல்லமாட்டேன். உன் அழுக்குத் துணியை வெளுக்க நான் வண்ணான் இல்லை. இங்கே எண்பது பையன்களின் ஈரத்துண்டுகளே எனக்குப் போதும்.

கடக்க விடாதே என்று சொல்வதும் முடியாது. கடக்கும் நாள் ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. துறையோரமாக அரை மைல் நிற்காமல் நீந்திக் காட்டுகிறவன் எவனும் பெயர் கொடுக்கலாம். தகுதி வந்த பையனை, அவன் அப்பனுக்கு வெட்கமாக இருக்கிறது என்று நான் தடுப்பதாக இல்லை.

அந்தத் தகுதி அவனுக்கு வருமா என்றால், போன வாரம் வராது என்றிருப்பேன். திங்கட்கிழமை அவனும் ஹாலிஸும் கட்டத்தைத் தாண்டி மிதவை வரை போய் வந்தார்கள். போகும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போனான். வரும்போது திறந்திருந்தது. சிவப்புக் குல்லாய் கொடுத்தேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டே தூங்குகிறானாம்.

20ஆம் தேதி பெற்றோர் வருகிற நாள். வா. பையனைத் தனியாகப் பைன் மரங்கள் பக்கம் அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லு. பத்து நிமிட வேலை.

அன்றைக்கு நடந்ததில் நீ அறியாதது ஒன்றும் இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இன்னொரு நாள்.

ஓரின்


வூஸ்டர்
ஜூலை 22

ஓரின் மாமா,

நீங்கள் பார்த்தீர்கள். சமையலறைக் கதவோரம் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தீர்கள். ஆகவே நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு எழுத வேண்டியதே இல்லை. ஆனாலும் எழுதினால்தான் இன்றைக்குத் தூக்கம் வரும்.

காரில் வரும்போது வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பைன் மரங்கள் வரை நாங்கள் போகவே இல்லை. வண்டிக் கதவைத் திறந்ததும் நெட் கையைப் பிடித்து நேரே கூடத்துக்கு இழுத்துப்போனான். "அப்பா, தூக்குங்க. தொட்டுப் பாக்கணும்." தோளில் ஏற்றினேன். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினான். கனமாகிவிட்டான், என் தோள் இன்னும் வலிக்கிறது.

அதற்குள் பத்துப் பன்னிரண்டு பையன்கள் சுற்றிவிட்டார்கள். ஹாலிஸ் கேட்டான், "சார், நெட் சொல்றதெல்லாம் நெஜமா சார்?" அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "நெஜம்தான்" என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? அலை அடித்தது என்றேன். காலில் சதை பிடித்துக்கொண்டது, பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தினேன் என்றேன். பையன்கள் வாய் பிளந்து கேட்கக் கேட்க எனக்கு நாக்கு நீண்டுகொண்டே போயிற்று. ஒரு செம்பட்டைத் தலைப் பையன், "படகக் கொஞ்சம்கூடத் தொடலையா சார்?" என்றான். நான் வாய் திறப்பதற்கு முன் என் தோள் மேலிருந்து நெட் சொன்னான், "எங்கப்பா தொடமாட்டாரு."

நிமிர்ந்தால் நீங்கள். திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டீர்கள். முகத்தில் அறைந்திருந்தால் தேவலை.

நான் ஒரு கோழை, மாமா. அதை இனி மறைக்க வழியில்லை. அவனைப் படகின் பின்னால் அனுப்பாதீர்கள், தண்ணீரில் இறக்காதீர்கள். காதுவலி என்று மருத்துவக் கடிதம் வேண்டுமானால் நானே எழுதி அனுப்புகிறேன்.

லைல்


ஹெரன் முனை
ஜூலை 27

லைல்,

பல் வைத்தியன் எழுதும் காதுவலிக் கடிதத்தை என்ன செய்வது? அதை உன்னிடமே வைத்துக்கொள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை, எழுப்புகிற கொம்பு ஊதுவதற்கு முன்னால், நான் துறைக்குப் போனேன். பலகையில் ஒரு வில்லை திருப்பியிருந்தது. தண்ணீரில் இறங்குகிறவன் தன் பெயர் வில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைக்கூட அந்த ஒழுக்கசாலி மறக்கவில்லை. நெட் பார்லோ. கட்டத்துக்கு வெளியே, கழுத்தளவு தண்ணீரில், தன்னந்தனியாக நின்றான். ஜோடி இல்லாமல் தண்ணீரில் இறங்குவதைவிடப் பெரிய குற்றம் இந்த முகாமில் இல்லை.

"என்னடா பண்றே இங்க?"

"பழகிக்கறேன் மாமா." பல் கிடுகிடுவென்று அடித்தது. "எங்கப்பாவுக்கு வந்துச்சுல்ல. எனக்கும் வரணும்ல."

இன்னும் நாலடி போயிருந்தால் சரிவு. அங்கே ஆழம் பதினைந்து அடி. அவன் வில்லையைப் பலகையிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், இரண்டு நாள் தண்ணீர் கிடையாது என்றேன். நான் தண்டித்தது தப்பான ஆளை. உன் பொய்யும் என் பொய்யும் சேர்ந்துதான் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தின.

என் பொய் என்ன என்று கேட்பாய். இதைக் கிழிக்காமல் அனுப்பப் போகிறேன்.

படகில் துடுப்புப் போடுகிறவன் பின்னோக்கி உட்காருவான், அவனுக்குப் போகிற திசை தெரியாது. அதனால்தான் முன்பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து கரையைப் பார்த்து வழி சொல்ல வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அந்த ஆள், "பனி வெலகட்டும், அப்புறம் போலாம்" என்றான். எனக்குப் பத்தொன்பது வயது. "பயமா இருந்தா அடுப்பாங்கரையில போய் ஒக்காரு, கண்ண மூடிட்டே இந்தக் குளத்த நான் கடப்பேன்" என்று அவனை எல்லார் முன்னாலும் கேலி செய்துவிட்டு உன்னை அழைத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டேன். நடுக்குளத்தில் வழி தப்பிவிட்டது. நேரே போகாமல் வடக்கு மூலையைப் பார்த்து உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நீ கேட்ட மணி, பதினோரு மணி நீச்சல் வகுப்புக்கு அடித்தது. நீ கரையேறியபோது மணி பதினொன்று பத்து. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் இருந்திருக்கிறாய். எல்லாமாக ஒன்றரை மைல் இருக்கலாம். உன் உதடு நீலமாக இருந்தது. அக்கரை வீட்டு அடுப்பில் உன்னைச் சூடாக்கி, நேரம் கழித்துக் கூட்டிவந்து, ஐம்பத்திரண்டு நிமிடம் என்று பதிவேட்டில் எழுதினேன். உண்மை நேரத்தை எழுதினால் என்னைத் துரத்தியிருப்பார்கள். துரத்தியிருக்கவும் வேண்டும்.

நான் முகத்தைத் திருப்பியதை இரக்கம் என்று இருபத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கயிறு இறுகினால் துடுப்புக்காரனுக்குத் தெரியும். தெரிந்தது. ஆனால் நான் திரும்பியது கரை எங்கே என்று தேட. நீ கயிற்றைப் பிடித்ததில் எனக்கு நிம்மதி. அந்தக் கயிற்றில்தான் நீயும் பிழைத்தாய், என் வேலையும் பிழைத்தது. விபத்தே நடக்காத துறை என்று சொல்லி என்னைத் தலைவனாக்கினார்கள்.

உடனே மார்தட்டாதே. தொட்டது தொட்டதுதான். தொடுவதற்கு முன் முக்கால் மைல் நீந்தியிருந்தாயா என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சமையலறைக்குள் நான் போனது உன்மேல் கோபப்பட்டு இல்லை. அந்தக் கதையை நீ சொல்லச் சொல்ல, என் தலையும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

பையனுக்கு எழுது. இல்லையென்றால் நான் எழுதவேண்டியிருக்கும்.

ஓரின்


வூஸ்டர்
ஜூலை 31

ஓரின் மாமா,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் பையன் கழுத்தளவு தண்ணீரில் நின்ற இடத்தைவிட, ஒன்றரை மைல் என்ற இடத்தைத்தான் நான் அதிகம் தடவை படித்தேன். அப்படிப்பட்ட அப்பன் நான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மனைவி கான்ஸ்டன்ஸிடம் ஓடினேன். எல்லாவற்றையும் முதல் முறையாகச் சொன்னேன். சொல்லி முடித்து, "பாரு, நான் ரெண்டு மடங்கு நீந்தியிருக்கேன்" என்றேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மைலோ இருபது மைலோ, கயித்தப் புடிச்சீங்களா இல்லையா?" என்றாள். "புடிச்சேன்." "அப்போ அத எழுதுங்க."

எழுதிவிட்டேன். இதே தபாலில் அவனுக்கும் ஒரு கடிதம் வருகிறது. பனியைப் பற்றியோ உங்களைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. கயிற்றைப் பிடித்தேன், விதி தெரிந்தே பிடித்தேன், உன்னிடமும் உன் நண்பர்களிடமும் பொய் சொன்னேன். அவ்வளவுதான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தபால் கொடுப்பீர்கள் அல்லவா, அப்போது கொஞ்சம் பக்கத்தில் இருங்கள்.

பெட்டியில் போட்ட பிறகு, தபால்காரர் வரும்வரை அங்கேயே நின்று திருப்பி வாங்கிவிடலாமா என்று யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

லைல்


ஹெரன் முனை
ஆகஸ்ட் 5

லைல்,

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டிலில் உட்கார்ந்து படித்தான். மறுபடி படித்தான். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, ஓய்வு மணி முடிந்ததும் துறைக்கு வந்தான். நான் மிதவைக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, எங்கப்பா எழுதினது நெஜமா?"

"நெஜம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் அவரு பேரத் துடுப்புல எழுதினீங்க?"

இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. என் பங்கை அவனிடம் சொன்னேன். பனி, கேலி, மணி, ஐம்பத்திரண்டு, எல்லாம். குல்லாயைப் பிழிந்துகொண்டே கேட்டான். "அப்போ ரெண்டு பேருமா?" என்றான். ஆமாம் என்றேன். போய்விட்டான்.

அன்று இரவு ஏழாம் மேசையில் உட்கார்ந்தான். கேரட்டை ஒதுக்கிவைத்தான். மறுநாள் வந்து கடக்கிறவர் பட்டியலிலிருந்து தன் பெயரை அடிக்கச் சொன்னான். அரை மைல் சோதனையில் இரண்டு நாள் முன்புதான் தேறி, அதற்கான நீலக் குல்லாயும் வாங்கியிருந்தான். அடித்தேன். ஹாலிஸுக்குக்கூட இன்னும் விஷயம் தெரியாது. உன்னை அவன் காட்டிக்கொடுக்கவில்லை.

நேற்று ஞாயிறு. வீட்டுக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்தால்தான் இரவுச் சாப்பாட்டுக்குள் விடுவோம், தெரியும் உனக்கு. அவன் கொடுத்த உறை ரொம்ப லேசாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், உள்ளே வெற்றுத்தாள். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படியே தபாலில் சேர்த்துவிட்டேன். வந்தால் எறிந்துவிடாதே.

ஓரின்


வூஸ்டர்
ஆகஸ்ட் 8

ஓரின் மாமா,

வந்தது. மூலைக்கு மூலை சேர்த்து ஒழுங்காக மடித்திருந்தான். கான்ஸ்டன்ஸ் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் 17ஆம் தேதி வரட்டுமா? எனக்கு இப்போது அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. அவனையே கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

லைல்


ஹெரன் முனை
ஆகஸ்ட் 18

லைல்,

"வர வேண்டாம்" என்று தந்தி கொடுத்தேனே, அந்த வார்த்தை என்னுடையது இல்லை, அவனுடையது. மனதில் வைத்துக்கொள்ளாதே. நேற்று நடந்ததைப் படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, பெயரை மறுபடி எழுதச் சொன்னான். "மனசு மாறிடுச்சா?" என்றேன். "இல்ல. நீந்தணும், அவ்வளவுதான்" என்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டேன்.

நேற்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முன்பக்கம் வெர்ன் என்கிற ஆசிரியர் உட்கார்ந்து கரையைப் பார்த்து வழி சொன்னார். பின்கயிற்றை நானே சுருட்டிப் படகுக்குள் வைத்தேன், இரண்டு முறை பார்த்தேன். நெட் இறங்கினான். நிதானமாக, ஓரளவு அழகாகவே நீந்தினான். அரைவாசியில் ஒரு லூன் பறவை பக்கத்தில் முங்கி எழுந்தது, அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். கரையில் இருக்கிற கற்களை எண்ணலாம் என்கிற தூரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டான். இருமல். முங்கி எழுந்தான். கை வந்து படகின் பின்பலகையில் விழுந்தது. ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம். எடுத்துவிட்டான். மறுபடி நீந்தினான்.

வெர்னுக்கு முதுகு எங்கள் பக்கம். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, லைல்? மலையைப் பார்த்தேன். இந்த முறை பனி இல்லை, மலை அங்கே இருந்தது. பாவம் பையன், இவ்வளவு தூரம் வந்துவிட்டான், போகட்டும் என்று பார்த்தேன். உனக்கு நாலு பக்கம் எழுதி அழுதுவிட்டு, மூன்று வாரம்தான் ஆகிறது.

"மாமா. இங்க பாருங்க."

திரும்பினேன். நீந்துவதை நிறுத்திவிட்டு, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு மிதந்தான்.

"தொட்டுட்டேன்."

"என்னடா சொல்றே?"

"தொட்டேன். நீங்க பாத்தீங்க. பாத்துட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்பினீங்க."

வெர்ன் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் துறையில் இத்தனை வருடமாகப் பையன்களின் முகம் சிவக்கப் பார்த்திருக்கிறேன், நேற்று என் முகம் சிவந்தது. துடுப்பை உள்ளே இழுத்தேன். "ஏறிக்கடா" என்றேன். கம்பளிக்குள் சுருண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தான்.

"எவ்வளவு பாக்கி மாமா?"

"ஒரு அம்பது கஜம் இருக்கும்டா."

"சரியாச் சொல்லுங்க."

"நூறு."

திரும்பி வந்தபோது முகாம் முழுக்கத் துறையில் நின்று கத்தியது. ஹாலிஸ் முன்னால் ஓடி வந்தான். "கடந்துட்டியா?" நெட் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இல்ல. படகத் தொட்டுட்டேன்" என்றான். கத்தல் நின்றுவிட்டது. ஹாலிஸ்தான், விசில் எதுவும் ஊதாமலே, அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

சனிக்கிழமை என்பதால் இரவு பீன்ஸ். மூன்று தட்டு தின்றான். அன்று குளத்தைக் கடந்திருந்த இரண்டு பையன்களின் பெயரை வாசிக்க நான் எழுந்தேன். வாசித்தபின் உட்காராமல், 1931ஆம் வருடத்துப் பதிவேட்டில் இருக்கிற ஐம்பத்திரண்டு நிமிடம் நான் எழுதிய பொய் என்று சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். என் பங்கை மட்டும். உன் பங்கு உன்னுடையது. முகாம் முதலாளி கோடை முடிந்ததும் பேசுவோம் என்றிருக்கிறார். பேசட்டும்.

ஏணி உடையவே இல்லை. துடுப்பைக் கழற்றட்டுமா, சொல்.

ஓரின்


வூஸ்டர்
ஆகஸ்ட் 21

ஓரின்,

மாமா என்பதை இந்த ஒரு முறை விட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை உங்களுக்குச் சமமானவனாக நின்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

துடுப்பைக் கழற்ற வேண்டாம். சனிக்கிழமை நெட்டை அழைத்துப்போக வருகிறேன். மற்றப் பெற்றோர் வருவதற்கு முன், பையன்கள் எல்லாரும் காலைச் சாப்பாட்டில் இருக்கும் நேரத்துக்கே வந்துவிடுவேன். நான்காம் மேசைக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அலை அடித்தது என்று நான் சொன்னபோது வாய் பிளந்து கேட்ட அத்தனை பேரும் அங்கே இருக்கவேண்டும், அந்தச் செம்பட்டைத் தலைப் பையனும். பயமாகத்தான் இருக்கிறது. நான் பாதியில் நழுவப் பார்த்தால் சமையலறைக்குள் போய்விடாதீர்கள், கதவோரமே நில்லுங்கள்.

நெட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் நேற்று வந்தது. இந்த முறை உள்ளே எழுத்து இருந்தது. முழுக் கடிதமும் இவ்வளவுதான்: "அப்பா, எனக்கு நூறு கஜம் பாக்கி. உங்களுக்கு எவ்வளவு பாக்கி இருந்துச்சு? நெட்."

பதில் எழுத மூன்று தாளை வீணாக்கினேன். ஒன்றில் ஒன்றரை மைல் வந்துவிட்டது. ஒன்றில் பனி வந்துவிட்டது. மூன்றாவதில் உங்கள் பெயர் வந்துவிட்டது. நாலாவது தாளில், "தெரியலடா. திரும்பிப் போய் நீந்திப் பாக்கற தைரியம் எனக்கு வரவே இல்ல" என்று மட்டும் எழுதி, தபால்காரர் கையிலேயே நேராகக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளைக் குல்லாய் பெரியவர்கள் அளவில் இருக்குமா?

லைல்